சத்திரசிகிச்சைக்குப் பின் வீடு திரும்பும் துணையும் வேலைக்குச் செல்லவேண்டிய துணையும்

பாரிய சத்திரசிகிச்சை ஒன்று வெற்றிகரமாக நிறைவுற்றது என்று வைத்தியர்கள் கூறியதும் குடும்பத்தவர்கள் பெருமூச்சு விடுகின்றனர். ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது என்று உறவினர்களுக்குத் தொலைபேசியில் அறிவிக்கப்படுகின்றது. ஆனால் ஏழெட்டு நாட்களின் பின்னர் நோயாளி வீடு திரும்பும்போதுதான் குடும்பத்தின் பணி உண்மையில் ஆரம்பமாகின்றது. விடுதியில் மூன்று முறைமாற்றங்களில் பல தாதியர் செய்த வேலையை வீட்டிலே ஒருவரே செய்யவேண்டி வருகின்றது. அந்த ஒருவர் பெரும்பாலும் நோயாளியின் கணவர் அல்லது மனைவி. அவருக்கும் காலையில் வேலைக்குச் செல்லவேண்டிய கடப்பாடு இருக்குமாயின் நிலைமை மேலும் சிக்கலாகி விடுகின்றது.

நமது நாட்டில் இன்று அதிகம் செய்யப்படும் பாரிய சத்திரசிகிச்சைகளுள் ஒன்றான இருதய பைபாஸ் சத்திரசிகிச்சையை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்க விரும்புகின்றோம். கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களின் அரச வைத்தியசாலைகளில் இருதய சத்திரசிகிச்சை இலவசமாக நடைபெறுகின்றது. மட்டக்களப்பு, அம்பாறை, மன்னார், நுவரெலியா போன்ற மாவட்டங்களைச் சேர்ந்தோர் வீட்டிலிருந்து வெகுதூரம் சென்று சிகிச்சை பெற்று, நீண்ட பயணத்தின் பின்னரே வீடு திரும்புகின்றனர் என்பதையும் இங்கு கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

எலும்பு பொருந்தும் காலம்

பைபாஸ் சத்திரசிகிச்சையின்போது நெஞ்சின் நடு எலும்பு நீளவாக்கில் பிளக்கப்பட்டு, பின்னர் உருக்குக் கம்பிகளால் இறுகக் கட்டப்படுகின்றது. காலிலிருந்தோ கையிலிருந்தோ இரத்தக்குழாய் எடுக்கப்படுவதால் அங்கும் நீண்ட காயம் ஒன்று இருக்கும். வெளிக்காயம் இரண்டு மூன்று வாரங்களில் ஆறியது போலத் தோன்றினும் உள்ளே எலும்பு பொருந்துவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவைப்படுகின்றன. முழுமையாக உறுதிபெற ஏறத்தாழ மூன்று மாதங்கள் செல்லும். வீட்டில் விதிக்கப்படும் கட்டுப்பாடுகள் அனைத்துக்கும் அடிப்படை இந்தக் கால இடைவெளியே. இதனைக் குடும்பத்தவர் விளங்கிக்கொண்டால் "காயம் காய்ந்துவிட்டதே, இனி என்ன?" என்ற அவசரம் எழாது.

இக்காலத்தில் நோயாளி நான்கு அல்லது ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கலாகாது. கைகளை ஊன்றி எழுதல், இழுத்தல், தள்ளுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் அவசியம். எமது வீடுகளின் சூழலில் இதன் பொருள் என்னவென்று சற்று விரிவாகக் கூறுதல் நன்று. கிணற்றிலிருந்து கப்பியில் தண்ணீர் அள்ளுதல் கூடாது. 12.5 கிலோ எரிவாயு நிரப்பிய சிலிண்டரை அசைத்தல் கூடாது. தேங்காய் உடைத்தல், துருவுதல், ஈரத்துணி பிழிதல், பேரக்குழந்தையைத் தூக்குதல் ஆகியன கூடா. மோட்டார் சைக்கிள் ஓட்டுதலும் பின்னால் அமர்ந்து செல்லுதலும் கூடா. முச்சக்கரவண்டியில் செல்ல நேர்ந்தால் குழிகள் நிறைந்த பாதையைத் தவிர்த்து, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு செல்வது நல்லது. இருமும்போதும் தும்மும்போதும் அதே தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும். எலும்புக்கும் ஆதாரம் கிடைக்கும். இருமல் வருவது நல்லதே. நுரையீரலில் சளி தேங்காதிருக்க ஆழ்ந்து மூச்செடுத்து இருமுமாறு வைத்தியசாலையில் கற்பித்த பயிற்சியை வீட்டிலும் தொடரவேண்டும். வலிக்குப் பயந்து அதனைக் கைவிடுவோர் பலர்.

தரையில் பாய் விரித்துப் படுக்கும் பழக்கமுள்ளோர் சில வாரங்களுக்காயினும் கட்டிலுக்கு மாறவேண்டும். தரையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றாதிருப்பது எவருக்கும் முடியாத காரியம். கட்டிலிலிருந்தும் நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு எழுதல் வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடமே உள்ள வீடுகளில் நடுவே துளையிட்ட உறுதியான கதிரை ஒன்றை முன்கூட்டியே தயார் செய்துவிட வேண்டும். வலிநிவாரணிகளால் மலச்சிக்கல் ஏற்படுவது சாதாரணம். முக்கி முயல்வது நெஞ்செலும்புக்கும் இருதயத்துக்கும் நல்லதல்ல. நோயாளி வீடு வந்து சேர்வதற்கு முந்திய நாளே செய்து முடிக்கவேண்டிய வேலைகள் இவை.

தொழுகையும் வழிபாடும் சம்பந்தமாகவும் ஒரு வார்த்தை. முஸ்லிம் நோயாளர்கள் எலும்பு பொருந்தும் வரை கதிரையில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கத்தில் இடமுண்டு. நோயுற்றோருக்கு ரமழான் நோன்பிலும் சலுகை உண்டு. அவ்வாறே கந்தசஷ்டி போன்ற விரதங்களைக் கைக்கொள்வோரும் அவ்வருடத்தில் அதனை ஒத்திவைப்பதால் எதுவும் குறைந்துவிடாது. நீரிழிவுக்கான குளிசைகளையும் ஊசியையும் பாவிப்போர் வைத்தியரிடம் கேட்காமல் பட்டினி இருத்தல் ஆபத்தானது.

குளிசைகளும் உணவும்

வீடு திரும்பும் நோயாளியின் கையில் ஆறேழு வகைக் குளிசைகள் இருக்கும். இரத்தம் உறைவதைத் தடுப்பது, கொழுப்பைக் குறைப்பது, இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, நீரிழிவுக்கானது, வலிக்கானது என அவை பலதரப்பட்டவை. இவற்றுள் எதையும் "இப்போது சுகம்தானே" என்று நிறுத்துதல் கூடாது. குறிப்பாக அஸ்பிரின் போன்றவற்றை வைத்தியரின் பணிப்பின்றி நிறுத்தினால் புதிதாகப் பொருத்தப்பட்ட இரத்தக்குழாயே அடைபட்டுப் போகலாம். வால்வு மாற்றப்பட்டவர்களுக்கு வழங்கப்படும் வோபரின் இன்னும் கவனத்துக்குரியது. அதனைப் பாவிப்போர் கீரை வகைகளைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. உரிய திகதிகளில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வேறு வலிநிவாரணிகளையோ நாட்டு மருந்துகளையோ தாமாகச் சேர்த்துக்கொள்ளலாகாது.

வேலைக்குச் செல்லும் துணைக்கு உதவக்கூடிய எளிய வழி ஒன்றுண்டு. ஒரு தாளில் காலை, மதியம், இரவு என்று கட்டங்கள் வரைந்து, குளிசையின் பெயரையும் அளவையும் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். கொடுக்கப்பட்டதும் அடையாளமிட வேண்டும். அன்றைய நிறை, காய்ச்சல் அளவு, நீரிழிவுள்ளோராயின் இரத்தத்தில் சீனியின் அளவு ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துவரலாம். பகலில் பார்த்துக்கொள்பவர் மகளாக இருந்தாலும் அயலவராக இருந்தாலும் தாளைப் பார்த்தால் போதும். வேலைத்தளத்திலிருந்து தொலைபேசியில் பத்துத் தடவை கேட்கவேண்டிய அவசியம் இராது. கிளினிக்குக்குச் செல்லும்போது அந்தத் தாளே வைத்தியருக்குச் சிறந்த சான்றாகவும் அமையும்.

உணவு விடயத்தில் எமது சமூகங்களில் இரு எதிரெதிர் போக்குகளைக் காண்கின்றோம். ஒன்று கடும் பத்தியம். காயம் சீழ்ப்பிடிக்கும், கிரந்தி என்று சொல்லி மீன், முட்டை, பருப்பு எல்லாவற்றையும் விலக்கி, கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுப்பது. காயம் ஆறுவதற்குப் புரதச்சத்து இன்றியமையாதது; அதை விலக்குவது ஆறுதலைத் தாமதப்படுத்தும். மற்றொன்று பலவீனம் போக்குவதற்கென்று மாட்டிறைச்சி, கட்டித் தேங்காய்ப்பால், நெய், வட்டிலப்பம் என்று திணிப்பது. முதற் சில வாரங்களில் நோயாளிக்குப் பசி குன்றியே இருக்கும். சிறிது சிறிதாகப் பல வேளைகளில் மீன், முட்டை, பருப்பு, மரக்கறி, பழம் ஆகியவற்றைக் கொடுப்பதே பொருத்தம். கருவாடு, ஊறுகாய், அச்சாறு, அப்பளம் ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பைக் கவனிக்க வேண்டும். நோயாளியைப் பார்க்க வருவோர் கொண்டுவரும் பிஸ்கட்டும் மோல்ட் மாவும் நீரிழிவு நோயாளிக்குரியவை அல்ல.

எப்போது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்?

பராமரிப்பவரை இரவில் உறங்கவிடாமல் வாட்டுவது இந்தக் கேள்விதான். 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல், காயம் சிவந்து வீங்குதல், சீழ் வடிதல், அசையும்போது நெஞ்செலும்பில் "டிக்" என்ற ஓசை எழுதல் ஆகியன தென்பட்டால் அன்றைய தினமே வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினால் உடலில் நீர் தேங்குகின்றது என்று கருதலாம். இரத்தக்குழாய் எடுக்கப்பட்ட கால் ஓரளவு வீங்குவது வழமை. ஆனால் கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் காணப்பட்டால் தாமதிக்கக்கூடாது. நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், ஒழுங்கற்ற வேகமான நாடித்துடிப்பு, முகம் ஒருபுறம் கோணுதல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் எது தோன்றினும் உடனடியாக 1990 இலக்கத்துக்கு அழைத்தல் வேண்டும். 2016 ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட இந்த இலவச அம்புலன்ஸ் சேவை, தனியாக வீட்டிலிருக்கும் நோயாளிக்குப் பெரும் பாதுகாப்பாகும். அந்த இலக்கத்தை நோயாளியின் கைத்தொலைபேசியிலும் சுவரில் ஒட்டிய தாளிலும் எழுதிவைப்பது நன்று.

உடலோடு மனமும் தளர்வதுண்டு. காரணமின்றி அழுதல், எரிந்து விழுதல், மறதி, உறக்கமின்மை ஆகியன பைபாஸ் சத்திரசிகிச்சைக்குப் பின் பலரிடம் காணப்படுபவை. பெரும்பாலும் சில வாரங்களில் இவை தாமாகவே தணியும். முன்னர் சாந்தமாயிருந்த மனிதர் திடீரெனச் சினப்பதை நன்றிகெட்ட தன்மை என்று துணைவர் எடுத்துக்கொள்ளலாகாது. எனினும் வாரங்கள் கடந்தும் நீடிக்குமாயின் வைத்தியரிடம் கூறுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

விடுமுறைக் கணக்கு

இனி வேலைத்தளத்துக்கு வருவோம். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் ஒருவருக்கு வருடத்தில் 14 நாட்கள் வருடாந்த விடுமுறையும் 7 நாட்கள் தற்செயல் விடுமுறையும் உரித்தாகின்றன. சொந்த அலுவல், சுகயீனம் அல்லது வேறு நியாயமான காரணத்துக்காக இந்த 7 நாட்களையும் பெறலாம் என்று சட்டம் கூறுகின்றது. எனவே வாழ்க்கைத்துணையின் சத்திரசிகிச்சையைக் காரணங்காட்டி அதனைக் கோருவதற்குத் தயங்கவேண்டியதில்லை. ஆயினும் கணவனையோ மனைவியையோ பராமரிப்பதற்கென்று தனியான விடுமுறை எதுவும் இச்சட்டத்தில் இல்லை. மொத்தம் 21 நாட்கள். எலும்பு பொருந்துவதற்கோ ஆறு முதல் எட்டு வாரங்கள், அதாவது 42 முதல் 56 நாட்கள் தேவை. அரச ஊழியர்களுக்குத் தாபனக் கோவையின்படி வருடத்தில் 45 நாட்கள் இருப்பதால் அவர்களது நிலை ஓரளவு மேலானது. தோட்டத் தொழிலாளிக்கும், மீன்பிடித் தொழிலாளிக்கும், மேசனுக்கும், வீதியோர வியாபாரிக்கும் வேலைக்குப் போகாத நாள் வருமானமற்ற நாளாகும்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு நடைமுறை முடிவு பிறக்கின்றது. பலர் துணை வைத்தியசாலையில் இருக்கும் நாட்களிலேயே விடுமுறையின் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு, வீடு திரும்பும்போது வெறுங்கையுடன் நிற்கின்றனர். விடுதியில் தாதியர் இருக்கின்றனர். அங்கே மற்றோர் உறவினர் துணைக்கு நிற்கலாம். வீட்டில் கழியும் முதல் இரண்டு வாரங்களே ஆள் மிக அவசியமான காலம். சத்திரசிகிச்சை நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் விடுமுறை எடுத்து, எஞ்சியதை வீடு திரும்பிய பின்னர் எடுப்பதே சிறந்தது. மூன்றாம், நான்காம் வாரங்களில் நோயாளி தாமாக நடமாடுவார். அரைநாள் விடுமுறை, முறைமாற்றம் ஆகியவற்றால் சமாளிக்கலாம். கிளினிக் திகதிகளுக்கென இரண்டு மூன்று நாட்களை ஒதுக்கிவைக்கவும் மறக்கலாகாது.

தொழில் தருநரிடம் முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பது முக்கியம். சத்திரசிகிச்சைத் திகதியைக் குறிப்பிடும் வைத்தியசாலைக் கடிதத்தின் பிரதியை இணைத்து, எத்தனை நாள் விடுமுறை, எத்தனை வாரம் நேரமாற்றம், தேவையாயின் சம்பளமற்ற விடுமுறை என்று தெளிவாகக் கேட்கவேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் தொலைபேசி எடுத்து "இன்றைக்கு வர இயலாது" என்பவரைவிட இவ்வாறு திட்டமிட்டுக் கேட்பவருக்கு இணங்குவதே முகாமையாளருக்கும் எளிது. பயிற்றப்பட்ட ஓர் ஊழியரை ஒரு மாத நெருக்கடிக்காக இழப்பது நிறுவனத்துக்கே நட்டம் என்பதை உரிமையாளர்களும் உணரவேண்டும்.

பண உதவிக்குரிய வழிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். அரச ஊழியரின் அக்ரஹார காப்புறுதி குடும்ப அங்கத்தவர்களையும் உள்ளடக்குகின்றது. ஊழியர் நம்பிக்கை நிதியம் தனது அங்கத்தவர்களின் இருதய சத்திரசிகிச்சைக்கு உதவுகின்றது. ஊழியர் சேமலாப நிதியிலிருந்து சில நிபந்தனைகளின் கீழ் வீடமைப்புக்கோ மருத்துவத்துக்கோ 30 வீதம் வரை முன்கூட்டிப் பெறலாம். எனினும் அது முதுமைக்கான பணம் என்பதால் அதனைக் கடைசி வழியாகவே கொள்ளல் நன்று. ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்கள் ஊடாகவே விண்ணப்பிக்கலாம். இதற்கென்று கொழும்புக்கு அலையவேண்டியதில்லை என்பது தூர இடங்களில் வாழும் எமது வாசகர்களுக்குப் பயனுள்ள செய்தியாகும்.

மனைவி நோயாளியானால்?

பராமரிப்பு என்றால் மனைவி கணவனுக்குச் செய்வது என்றே எமது சமூகங்கள் எண்ணிவந்துள்ளன. கணவன் சத்திரசிகிச்சை முடிந்து வந்தால் மனைவி தாதியாகவும் சமையற்காரியாகவும் மாறிவிடுகின்றாள். அவள் ஆசிரியையாகவோ எழுதுவினைஞராகவோ இருந்தால் வேலையையும் சேர்த்தே சுமக்கின்றாள். ஆனால் சத்திரசிகிச்சை மனைவிக்கென்றால் நிலைமை வேறு. அவளைப் பார்த்துக்கொள்ளத் தாயும் சகோதரியும் சில நாட்கள் வந்து தங்குவர். அவர்கள் திரும்பிச் சென்றதும் கணவன் காலையில் வேலைக்குப் புறப்படுவான். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகவேண்டும். மூன்றாம் வாரமே அவள் தேங்காய் துருவத் தொடங்கிவிடுவாள். யாரும் வற்புறுத்தியதாக இராது. சும்மா படுத்திருப்பதை அவளாலேயே தாங்க முடிவதில்லை. வீட்டில் வேறெவருக்கும் அடுப்பு மூட்டத் தெரியாதிருப்பதே அதற்குக் காரணமாகும்.

ஆணின் நெஞ்செலும்பும் பெண்ணின் நெஞ்செலும்பும் பொருந்துவதற்குத் தேவையான காலம் ஒன்றே. எனவே கணவன்மார் இதனைத் தம் கடமையாக ஏற்கவேண்டும் என்று வலியுறுத்துகின்றோம். சோறும் பருப்பும் சமைக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். உடுப்புத் துவைப்பதும் மனைவியின் காயத்தைச் சுத்தம் செய்வதும் ஓர் ஆணின் மதிப்பைக் குறைப்பன அல்ல. குடும்பப் பொறுப்புள்ள ஆண், பெண் இருபாலாருக்கும் வேலையில் சமவாய்ப்பு வேண்டும் என்று சர்வதேச தொழில் ஸ்தாபனம் 1981 ஆம் ஆண்டிலேயே 156 ஆம் இலக்கச் சமவாயத்தின் மூலம் கூறியது. குடும்பப் பொறுப்பு ஆணுக்கும் உரியது என்பதே அதன் அடிப்படை.

பிள்ளைகள் கனடாவிலோ இலண்டனிலோ மத்திய கிழக்கிலோ இருக்கும் வீடுகளில் பணம் வருகின்றது. நோயாளியைக் கைகொடுத்துத் தூக்கிவிட ஆளில்லை. இங்குதான் அயலவர், கோயில், பள்ளிவாசல், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றின் பங்கு வருகின்றது. நோயாளியைப் பார்க்கச் செல்வது எமது இரு சமூகங்களிலும் புண்ணியமாகக் கருதப்படுகின்றது. ஆனால் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதே வீட்டுக்காரருக்குப் பாரமாகிவிடக் கூடாது. கூட்டமாக வந்து ஒரு மணித்தியாலம் அமர்ந்து செல்வதைவிட, ஒருவேளைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுப்பதும், வீட்டுக்காரர் வேலைக்குச் சென்ற நேரத்தில் இரண்டு மணித்தியாலம் துணையிருப்பதும் பெரும் உதவி. இருமல், தடிமன் உள்ளோர் அந்நாட்களில் வராதிருப்பதே உதவி.

அரசாங்கத்திடம் இரண்டு விடயங்களை வலியுறுத்த விரும்புகின்றோம். முதலாவது மொழி. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் வீடு திரும்பும் நோயாளியின் கையில் கொடுக்கப்படும் நோய்நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. வாய்மொழி அறிவுறுத்தலை விளங்காத மொழியில் கேட்டுத் தலையசைத்துவிட்டு வருவோர் எம்மத்தியில் அனேகர். எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யலாகாது, எப்போது திரும்பி வரவேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

இரண்டாவது, வீடு தேடிச் செல்லும் சேவை. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட காலந்தொட்டு, கர்ப்பிணியையும் குழந்தையையும் வீட்டிலேயே சென்று பார்க்கும் மரபொன்று இந்நாட்டில் வளர்ந்துள்ளது. தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் அந்த மரபுக்குப் பெரும்பங்குண்டு. பாரிய சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை முதல் இரண்டு வாரங்களுக்குள் ஒரு தடவையாவது தாதி ஒருவர் சென்று பார்க்கும் முறையை அதே அடித்தளத்தில் கட்டியெழுப்ப முடியும். அத்துடன், குடும்ப அங்கத்தவரைப் பராமரிப்பதற்கெனச் சில நாட்களேனும் ஊதியத்துடனான விடுமுறையைத் தொழிற்சட்டங்களில் சேர்ப்பது பற்றித் தொழிற்சங்கங்களும் குரல் கொடுத்தல் வேண்டும்.

அந்நாள் வரும்வரை குடும்பங்கள் தம்மிடம் உள்ளதைக் கொண்டே சமாளிக்க வேண்டியுள்ளது. பராமரிப்பவரும் மனிதரே. அவரும் உண்ணவேண்டும், உறங்கவேண்டும். தமக்குரிய நீரிழிவுக் குளிசையையும் இரத்த அழுத்தக் குளிசையையும் மறவாது எடுக்கவேண்டும். வாரத்தில் ஓரிரவேனும் மகனோ சகோதரியோ நோயாளியின் அருகே படுத்துக்கொண்டால் அவர் முழுமையாக உறங்கி எழுவார். நோயாளியை நலம் விசாரிக்கும் நாம், பக்கத்தில் நிற்பவரையும் ஒரு வார்த்தை விசாரிப்போமாக.